கதவிடுக்கில் ஒரு கை

ஜனவரி 8

இன்று முழுவதும் அழித்துக்கொண்டிருந்தேன். டிசம்பர் கச்சேரிகளுக்கு வாடகைக்கு எடுத்த இசைத்தாள்கள் திரும்பிப் போக வேண்டும். வாசித்தவர்கள் பென்சிலால் குறித்து வைத்ததையெல்லாம் அழித்துத்தான் அனுப்ப வேண்டும், அது விதி. வில் மேலே போகிறதா கீழே வருகிறதா, மூச்சு எங்கே விட வேண்டும் என்ற குறிகள். சில இடங்களில் ஒரு மூக்குக்கண்ணாடிப் படம். ‘இங்கே தாளைப் பார்க்காதே, கோலசைக்கும் நடத்துநரைப் பார்’ என்று அதற்கு அர்த்தம். இரண்டாம் வயலினில் யாரோ கண்ணாடிக்குக் கீழே மீசையும் வரைந்திருந்தார்கள். அதை அழிக்க மட்டும் கொஞ்சம் மனசு வரவில்லை.

சாப்பிடும்போது அப்பா கேட்டார். “இன்னிக்கு என்ன வேலை?”

“அழிச்சேன்.”

“நேத்து?”

“நேத்தும் அதான்.”

“நாலு வருஷம் காலேஜ்ல அதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா, பெர்னி?”

கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார். மாவு மில்லிலிருந்து வந்து முகம் கழுவியும் காது மடலில் வெள்ளை போகவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான். அங்கே என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. இசைக்குழுவில் என்ன வேலை என்று மாதாகோயிலில் யாராவது கேட்டால் “பேப்பர் பார்த்துக்கிறா” என்கிறார். தப்பும் இல்லை.

எனக்கு என்ன வேண்டும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதினால் யாருக்குக் கேட்கப்போகிறது. நான் இசை நடத்த வேண்டும். மேடையில், கோலோடு, நூறு பேருக்கு முன்னால். பெட்டிக்கடையில் ஸ்டாம்ப் கேட்கவே குரல் வராதவள்.

ஜனவரி 11

கான்ராட் வோல்மர் வருகிறார். தான் எழுதிய சிம்பொனியைத் தானே நடத்த, அடுத்த வாரமே. இரண்டு கச்சேரி.

எங்கள் பஃபலோ நகரம் முழுக்க இதே பேச்சு. அவர் எங்கள் கிழக்குப் பக்கத்துப் பையன். எங்கள் தெருவுக்குப் பின்தெருவில்தான் அவர்கள் ரொட்டிக்கடை இருந்தது. இப்போது அங்கே துணி துவைக்கும் மெஷின் கடை. லண்டனிலும் வியன்னாவிலும் அவரைப் பெரிய பெயரில் அழைக்கட்டும், இங்கே ‘நம்ம ரொட்டிக்கடைக்காரர் பையன்’.

அப்பா அவர் நடத்திய ஒரு துண்டு இசையும் கேட்டதில்லை. ஆனால் அந்தக் கடை ரொட்டி சாப்பிட்டிருக்கிறார். “மேல எள்ளு போட்டிருப்பாங்க. கசகசாவும் உண்டு. அந்தப் பையன் காலைல சைக்கிள்ல வந்து போட்டுட்டுப் போவான்னு எங்கம்மா சொல்லும். ஒரு தடவகூட வேளைக்கு வந்ததில்லையாம்.”

நான் அவரை முதலில் பார்த்தது சின்ன வயதில், டிவியில். அவர் நிகழ்ச்சி ஞாயிறு மதியம் வரும். அப்பா இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருப்பார். சத்தம் வைக்கக் கூடாது. அதனால் சத்தமே இல்லாமல் பார்ப்பேன், வாரா வாரம், தரையில் உட்கார்ந்து. இசை என்னவென்று தெரியாது. கைகள் மட்டும். வலது கை தாளம் போடும், அது எல்லாருக்கும் தெரிந்த வேலை. இடது கை யாரோ ஒருவரிடம் எதையோ கேட்கும். கேட்டுவிட்டுக் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பைப் பார்த்துத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன்.

ஜனவரி 14

வோல்மரின் இசைத்தாள்களை எடுத்து அடுக்கினேன். இவை எங்கள் குழுவுக்குச் சொந்தமானவை, அழிக்க வேண்டியதில்லை. முப்பது வருஷத்துப் பென்சில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கிறது.

மூன்றாம் பகுதி மெதுவானது. தந்தி வாத்தியங்கள் எல்லாம் ஒரே ஒலியை மெல்லப் பிடித்துக்கொண்டு நிற்கும். அப்போது மேடைக்கு வெளியே, கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு ஹார்ன், பித்தளை ஊதுவாத்தியம், பதில் சொல்லும். தூரத்தில் யாரோ கூப்பிடுவதுபோல இருக்க வேண்டும் என்பதற்காக அப்படி. ஹார்ன் வாசிக்கும் மார்வ் டெலூகா காபி வாங்கிக்கொண்டு வந்து என் மேஜை மேல் உட்கார்ந்தார்.

“என்ன பெர்னி, பூஜைக்குத் தயார் பண்ற மாதிரி தாள அடுக்கற?”

நான் அடுக்கிக்கொண்டே இருந்தேன்.

“கேளு. அவரு தெய்வம் இல்ல. பாஸூன் வாசிச்ச ஹாங்க்க ஒத்திகையில அழ வெச்சிருக்காரு. எல்லார் முன்னாடியும். ‘உன் பொண்டாட்டி எப்படி இதைக் கேட்டுட்டு கூட இருக்கா’ன்னு. ஹாங்க் அதுக்கப்புறம் ரெண்டு வருஷம்தான் வாசிச்சான்.” காபியை ஒரு வாய் குடித்தார். “ஆனா கையத் தூக்கினா, நீ மூச்சு விட மறந்துருவ. அதுவும் உண்மை. ரெண்டையும் சேத்து வெச்சுக்க.”

ஜனவரி 16

வந்துவிட்டார். மெலிந்துபோயிருக்கிறார். டிவியில் பார்த்த தோள்கள் இல்லை. கோட்டு ஆளை மாட்டிக்கொண்டு நடக்கிறது. ஒத்திகை முழுக்க உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தே நடத்தினார்.

கை மட்டும் அதேதான்.

முதல் இடைவேளைக்கு முன் சொன்னார்: “நான் நடத்தினதெல்லாம் அன்னன்னிக்குக் காத்தோட போச்சு. ரெக்கார்டு இருக்கும்பாங்க. அது போட்டோ மாதிரி, ஆளு இல்ல. நான் எழுதினதுல இது ஒண்ணுதான் தேறும். நான் போன பிறகு இதையாவது யாராவது வாசிக்கணும். அதனால தயவுசெஞ்சு இதக் கொஞ்சம் ஒழுங்கா வாசிச்சுத் தொலைங்க.”

சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அவர் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, தாளைப் பார்த்துச் சிரித்தார்.

ஓபோ குழலின் தனிப்பகுதி நன்றாக வந்தது. கையில் வாத்தியம் இருப்பவர்கள் கைதட்ட முடியாது, கால்களை மெல்லத் தரையில் தேய்ப்பார்கள். மழை ஆரம்பிப்பதுபோல ஒரு சத்தம். குழுவுக்குள் ஒருவருக்கு ஒருவர் தரும் மரியாதை அதுதான். வெளியாட்களுக்குத் தெரியவே தெரியாது.

பிறகு இது. அவருக்குப் பென்சில் வேண்டியிருந்தது. நான்தான் பக்கத்தில் நின்றேன். என்னுடையதைக் கொடுத்தேன். வாங்கி, எழுதப் போய், நிறுத்தி, திருப்பிப் பார்த்தார்.

“இது யாரோட பென்சில்?”

என்னுடையது என்று சொல்ல வாய் திறந்தேன். சத்தம் வரவில்லை.

“ரப்பர் பூரா தேஞ்சிருக்கு. முனை அப்படியே இருக்கு.” முதல் முறையாக என்னைப் பார்த்தார். “ஏம்மா, நீ எழுதவே மாட்டியா?”

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 17

எழுதுகிறேன். இதோ.

ஜனவரி 19, காலை

நேற்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நேற்றுக் காலையே ஏரியிலிருந்து பனி ஏறி வந்துவிட்டது. தெற்குப் பக்கச் சாலைகள் எல்லாம் அடைப்பு. துணை நடத்துநர் க்ளென் அந்தப் பக்கம்தான் குடியிருக்கிறார். வெளியே இருக்கும் ஹார்னுக்கு நடத்துநர் தெரியமாட்டார். அதனால் கதவிடுக்கு வழியாக மேடையைப் பார்த்து, ஹார்னுக்குத் தாளம் காட்ட ஒருவர் வேண்டும். அது க்ளெனின் வேலை. மேனேஜர் வந்து, இசைத்தாள் படிக்கத் தெரிந்த, கையில் வேறு வாத்தியம் இல்லாத ஆள் யார் என்று பார்த்தார். நான் நடந்து வரும் தூரத்தில் இருப்பவள். நான்தான் இருந்தேன்.

க்ளென் போனில் சொன்னார்: “ஒரே ஒரு விஷயம்தான், பெர்னடெட். வெளிய இருந்து போற சத்தம் அரங்குக்கு லேட்டாத்தான் போய்ச் சேரும். அவர் கையோட சேர்ந்து நீ காட்டினா, கேக்கறவனுக்குப் பின்தங்கின மாதிரி இருக்கும். அதனால அவருக்கு முன்னாடி போகணும். ஒரு துளி முன்னாடி. அவர் கையப் பாரு, ஆனா நம்பாத. புரியுதா?”

“புரியுது.”

“சத்தமாச் சொல்லு.”

“புரியுது.”

மதிய ஒத்திகையில் சரியாகச் செய்தேன். மார்வ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

மாலையில் அரங்கு பாதிதான் நிறைந்தது. பூட்ஸோடு, பனியை உதறிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். வானொலியில் நேரடி ஒலிபரப்பு. மூன்றாம் பகுதி ஆரம்பித்தது. கதவை ஒரு விரல் அளவு திறந்துவைத்து நின்றேன். பின்னால் மார்வ், உதட்டை நனைத்துக்கொண்டு. இடுக்கில் மேடை முழுதும் தெரியாது. நடத்துநர் ஏறி நிற்கும் திட்டான போடியமும் அதில் அவரும் மட்டும்.

தந்திகள் அந்த ஒலிக்கு வந்து நின்றன. இனி ஹார்ன். நான் முன்னால் போக வேண்டும்.

அவருடைய இடது கை திறந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கை. நடுவில் டிவிக் கண்ணாடி இல்லாமல், என்னை நோக்கி, இந்தக் கதவை நோக்கி. கேட்டுவிட்டுக் காத்திருந்தது.

என்னால் முன்னால் போக முடியவில்லை. எப்படிப் போவது? அவர் கேட்டு முடிக்கும் முன் பதில் சொல்வது எப்படி? கை முழுக்கத் திறந்து, கொஞ்சம் இறங்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகுதான் என் கை விழுந்தது. மார்வ் வாசித்தார். தாமதம். எனக்கே கேட்டது. எல்லாரும் போன பிறகு வந்து சேர்ந்த ஒருவர் வாசலில் நின்று கூப்பிடுவதுபோல இருந்தது.

கெடுத்துவிட்டேன். அவர் ‘இதையாவது’ என்று சொன்ன ஒன்றையும்.

முடிந்து, கைதட்டல்களுக்கு நடுவே அவர் இந்தக் கதவு வழியாகத்தான் வெளியே வந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. நின்றார்.

“யாரு அது?”

“என் உதடுதான் சொதப்பிடுச்சு, மேஸ்ட்ரோ,” என்றார் மார்வ். என்னை மறைத்துக்கொண்டு நின்றார், பாவம்.

“உதடு தெரியும். கை யாரோடது?”

பள்ளிக்கூடத்தில் போலக் கையைத் தூக்கினேன். அவர் என்னைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பென்சில் நினைவுக்கு வந்ததா, தெரியாது. ஒரு விரலை உயர்த்தி, “நாளைக்கு—” என்றார்.

அவ்வளவுதான். நன்கொடைக் கமிட்டியின் பெரிய பெரிய ரோமக் கோட்டுகள் நடுவே வந்துவிட்டன. ஒரு பெண்மணி அவர் கன்னத்தில் முத்தமிட்டாள். அவரை அப்படியே நடத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

இன்று இரண்டாவது கச்சேரி. இன்றுதான் அந்த நாளை.

ஜனவரி 19, மாலை

ரத்து. ஊரே மூடிக் கிடக்கிறது. கதவைத் திறந்தால் இடுப்பு வரை பனி. அப்பா ரேடியோவில் அறிவிப்பைக் கேட்டுவிட்டு, “நல்லதாப் போச்சு, வீட்லயே இரு” என்றார். என் முகத்தைப் பார்த்தார். அடுப்பைப் பற்றவைத்து அவரே சூப் வைத்தார்.

ஜனவரி 20

மதியம் ஓடுபாதையைத் திறந்தார்களாம். முதல் விமானத்தில் அவர் போய்விட்டார்.

ஜனவரி 23

க்ளென் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “ஒரே ஒரு விஷயம் சொன்னேன்” என்றார், அவ்வளவுதான். அது திட்டைவிட ஆழமாய் இறங்கியது.

நாளைக்கு — என்ன? நாளைக்கு எனக்கு முன்னால் போ? நாளைக்கு வேறு ஆளைப் போடுங்கள்? நாளைக்கும் இப்படியே? அந்த விரல் எச்சரிக்கையா? முகம் கோபமாக இல்லை. ஆனால் களைத்த முகத்தில் கோபம் எப்படித் தெரியும்?

பஸ்ஸில், குளியலறையில், ரப்பரைத் தேய்த்துக்கொண்டே, அந்த வாக்கியத்தை ஒவ்வொரு விதமாக முடித்துப் பார்க்கிறேன். ஒன்றும் அவர் குரலில் வரவில்லை.

அவருக்குக் கடிதம் எழுதலாம் என்று மார்வ் சொல்கிறார். எழுதி என்னவென்று கேட்பது? நீங்கள் முடிக்காத வாக்கியத்தை முடித்து அனுப்புங்கள் என்றா?

பிப்ரவரி 9

கடிதம் எழுதவில்லை.

பிப்ரவரி 26

அப்பா மில்லிலிருந்து வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார். “நம்ம ரொட்டிக்கடைப் பையன் போயிட்டானாம், கண்ணு. நியூயார்க்ல. ஷிஃப்ட்ல எல்லாரும் பேசிக்கிட்டாங்க.”

நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். உரித்து முடித்தேன். அம்மா என் கையிலிருந்து கத்தியை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

எனக்கு அவர் என்ன உறவு. என்னிடம் நாலைந்து வாக்கியம் பேசியிருக்கிறார். கடைசியானது முழுசும் இல்லை.

மார்ச் 1

எல்லாப் பத்திரிகையிலும் அவர்தான். எந்த ஊரில் எந்தக் குழு, எந்த ராணிக்கு முன்னால், எத்தனை ரெக்கார்டு. இருபத்து நாலு வயதில், யாரோ வராத இடத்தில் நின்று நடத்திப் புகழ் வந்த கதை எல்லாவற்றிலும் இருக்கிறது. ஹாங்க்கைப் பற்றி ஒன்றிலும் இல்லை. ‘சில இசைகளும் இயற்றியுள்ளார்’ என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியைப் படித்ததும் யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது.

ஆனால் வானொலியில் அந்தக் கச்சேரியை மறுபடி போட்டார்கள். பனி நாளன்று நாங்கள் வாசித்தது. அவர் கடைசியாக நடத்தியது அதுதானாம். நாடு முழுக்க ஒலிபரப்பாகிறது. நிகழ்ச்சி நடத்துபவர் அந்த ஹார்னைப் பற்றி நீண்ட நேரம் பேசினார். வேண்டுமென்றே தாமதித்த பதில், தன் மரணம் தெரிந்தே அவர் அப்படிக் கேட்டு வாங்கினார், ஒரு மேதையின் விடைபெறல், என்றார்.

அது வேண்டுமென்றே இல்லை. அது நான். என் தப்பு நியூயார்க் வரைக்கும் போய்விட்டது, அவர் பெயரைப் போட்டுக்கொண்டு.

இன்னொன்றும் எழுத வேண்டும். ரேடியோவில் கேட்டபோது அது அழகாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

மார்ச் 6

அஞ்சலிக் கச்சேரி. மூன்றாம் பகுதியை வாசிக்கப் போகிறார்கள், நடத்துநர் இல்லாமல். இறந்தவருக்காக வாசிக்கும்போது போடியத்தைக் காலியாக விடுவது வழக்கம். விளக்கு மட்டும் அதன்மேல் விழும். முதல் வயலின் ஐடா ஸ்ட்ராண்ட் வில்லசைத்து ஆரம்பித்து வைப்பார். மற்றவர்கள் ஒருவரையொருவர் கேட்டு வாசித்துக்கொள்ள வேண்டும்.

கதவருகே க்ளென்.

மார்ச் 13

ஒத்திகை. நான் பின்வரிசை வயலின்களுக்கு விட்டுப்போன பக்கம் ஒன்றைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஹார்ன் வரும் இடம் வந்தது. க்ளென் சரியாகச் செய்தார். சொன்னாற்போல, ஒரு துளி முன்னால். ஹார்ன் கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. ஐடா வில்லைத் தூக்கி நிறுத்தினார்.

“இல்ல. அன்னிக்கு வந்த மாதிரி வரல.”

கதவைத் திறந்துகொண்டு க்ளென் வந்தார். “இதான் அவர் எழுதின ஸ்கோர்ல இருக்கறது, ஐடா.”

“ஸ்கோர்ல இருக்கலாம். அவர் கடைசியா கேட்டது லேட்டா. உலகம் பூரா அதத்தான் கேட்டுட்டு இருக்கு. அவரோட ஊர்ல, அவரோட குழு, அதை மாத்தி வாசிச்சா நல்லாவா இருக்கும்? அது அவர் விருப்பம்.”

“இல்ல,” என்றது ஒரு குரல்.

என் குரல். நூறு பேர் திரும்பினார்கள். கையில் அந்த ஒற்றைப் பக்கம். அதைப் பிடித்துக்கொண்டே பேசினேன்.

“அது அவர் விருப்பம் இல்ல. என் தப்பு. முன்னாடி போகச் சொல்லியிருந்தாங்க. நான் போகல. அவர் கையவே பார்த்துட்டு நின்னுட்டேன். அவர் லேட்டாக் கேக்கல.”

பின்னாலிருந்து மார்வ்: “அடேயப்பா. பொண்ணுக்குப் பேச வருது.” சிலர் சிரித்தார்கள்.

ஐடா சிரிக்கவில்லை. வயலினை மடியில் வைத்துக்கொண்டார். “தப்புன்னு அவர் சொன்னாரா?”

“இல்ல.”

“சரின்னு?”

“இல்ல. ‘நாளைக்கு’ன்னு மட்டும் சொன்னார்.”

“நாளைக்கு என்ன?”

“அவ்ளோதான். அதுக்குள்ள ஆளுங்க வந்துட்டாங்க.”

ஐடா என்னைப் பார்த்தார். வோல்மர் இங்கே வரும்போதெல்லாம், இருபது வருஷமாக, அவரோடு வாசித்தவர். அவரிடமும் முடியாத வாக்கியங்கள் இருக்கும் என்று அப்போது தோன்றியது. “அப்போ யாருக்கும் தெரியாது,” என்றார். “க்ளென், நீ தப்பா நினைக்கக் கூடாது. அந்தப் பொண்ணு கதவுகிட்ட நிக்கட்டும்.”

க்ளென் என்னைப் பார்த்தார். கோபம் இருந்தது, ஆனால் ஒதுங்கி வழிவிட்டார். “முன்னாடியா, லேட்டா? எதைப் பண்ணப் போற?”

தெரியாது என்று சொன்னேன். உண்மை அதுதான்.

மார்ச் 15

முன்னால் போனால் அவர் எழுதியது கிடைக்கும். பின்னால் போனால் அவர் காதில் கடைசியாக விழுந்தது கிடைக்கும். நாளை இரவு எது?

அப்பா: “என்னடி சாப்பாட்டைப் பார்த்துட்டு கைய ஆட்டிட்டு இருக்க?”

மார்ச் 17, காலை

நேற்று இரவு அரங்கு நிறைந்துவிட்டது. நடைபாதையிலும் நின்றார்கள். அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள், ஈஸ்டருக்கு மட்டும் போடும் உடைகளில். கைதட்ட வேண்டாம் என்று முன்பே அறிவித்துவிட்டார்கள்.

கதவை ஒரு விரல் அளவு திறந்தேன். போடியம். அதன்மேல் வெளிச்சம். உயரமான அந்த ஸ்டூலையும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

நான் எதிர்பார்க்காத ஒன்று. இந்த இடுக்கிலிருந்து போடியம் மட்டும்தான் தெரியும். ஐடா தெரியமாட்டார், யாரும் தெரியமாட்டார்கள். ஒத்திகையில் கதவைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வைத்திருந்தோம். இப்போது எங்கள் பக்கத்து வெளிச்சம் மேடையில் விழும் என்பதால் அப்படித் திறக்க முடியாது. நான் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தந்திகள் அந்த ஒலிக்கு வந்து நின்றன. அங்கே ஒவ்வொருவர் தாளிலும் அந்த மூக்குக்கண்ணாடி வரைந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், அடுக்கியவள் நான்தானே. எல்லாரும் தலையைத் தூக்கியிருப்பார்கள். பார்க்க யாரும் இல்லை. எல்லாரும் ஹார்னுக்காகக் காத்திருந்தார்கள். ஹார்ன் எனக்காக. நான்—

அந்தக் கை வரும் என்று ஒரு கணம் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் பார்த்தேன். வெளிச்சத்தில் தூசி மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

பிறகு என் இடது கை திறந்தது. நான் யோசித்துத் திறக்கவில்லை. மார்வ் என் கையைப் பார்த்தபடி மூச்சு இழுத்தார். வாசித்தார்.

தாமதமா, முன்னாலா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அளந்து பார்க்க எதிரே யாரும் இல்லை. ஹார்ன் வந்தது. அதன் இரண்டாவது ஒலியில் தந்திகள் அசைந்தன, அதைக் கேட்டு, அதன் பின்னால். அந்த ஒரு நொடி, கதவுக்குப் பின்னாலிருந்து, நூறு பேரும் நான் விட்ட இடத்திலிருந்துதான் போனார்கள்.

முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. எழுந்து, கோட்டு மாட்டி, பேசாமல் போனார்கள். மார்வ் ஹார்னிலிருந்து தண்ணீரை வடித்துவிட்டு மூக்கைச் சிந்தினார்.

வெளியே அப்பா கேட்டார்: “நீ எங்க இருந்த? மேடையில காணோம்?”

“கதவுக்குப் பின்னாடி.”

“ஓ.” கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “அந்தத் தூரத்துச் சத்தம் வந்துச்சே, அப்ப உங்கம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டா,” என்றார்.

மார்ச் 19

அடுத்த வாரக் கச்சேரிக்கு ஒத்திகை. தாள்களை எடுத்துக்கொண்டு மேடையைக் குறுக்கே கடந்தேன், எப்போதும்போலச் சுவரை ஒட்டி. முதலில் மழை என்றுதான் நினைத்தேன். செல்லோ வரிசையில் ஆரம்பித்து, பின்னால், எல்லாப் பக்கமும். கால்கள். தரையில் மெல்ல.

யாருக்கு என்று திரும்பிப் பார்த்தேன். ஓபோ சும்மா உட்கார்ந்திருந்தது. யாரும் எதுவும் வாசிக்கவில்லை.

நான் தாள்களைத் தப்பான ஸ்டாண்டில் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 2

க்ளெனிடம் கேட்டேன். நடத்தச் சொல்லித் தருவீர்களா என்று. கேட்டேவிட்டேன், முழு வாக்கியமாக. அவர், “முன்னாடி போகச் சொன்னா போவியா?” என்றார். “பார்க்கலாம்” என்றேன். சிரித்துவிட்டார்.

அக்டோபர் 4

மாதாகோயில் கூடத்தில் ஒத்திகை. எங்கள் வட்டாரத்துக் குழு: பல் டாக்டர் ஒருவர், இரண்டு கன்னியாஸ்திரீகள், மில்லிலிருந்து மூன்று பேர், தபால் நிலையத்து டோரிஸ், இன்னும் சிலர். வயோலா வாசிக்க ஆள் போதாது. குறித்துக் குறித்துப் பென்சில் முனை மழுங்கி, பல் டாக்டரிடம் பேனாக்கத்தி வாங்கிச் சீவினேன்.

நாற்காலி போட அப்பா வந்திருந்தார். “நீ எதை வாசிக்கப் போற?”

“எதுவும் இல்லப்பா.”

“அப்ப சும்மா நிக்கப் போறியா?”

“ஆமா.”

யோசித்தார். “சரி, எல்லாருக்கும் தெரியற மாதிரி நில்லு,” என்று சொல்லி, கோயில் மரப்பெட்டி ஒன்றை இழுத்து வந்து நடுவில் போட்டார். ஆடுகிறதா என்று தானே ஏறி நின்று பார்த்தார்.

வோல்மரின் மூன்றாம் பகுதி. மார்வ் தானாகவே வந்து வாசித்தார், பதிலுக்கு அம்மா செய்த கொழுக்கட்டை. அவரை அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினோம். கதவிடுக்கில் டோரிஸ், யாரிடமும் அதிகம் பேசாதவள். ஒரு துளி முன்னால் போக வேண்டும் என்று விளக்கமாகச் சொல்லியிருந்தேன்.

தந்திகள் வந்து நின்றன. கையைத் திறந்தேன். காத்திருந்தேன். ஹார்ன் வந்தது, தாமதமாக.

முடிந்து எல்லாரும் பெட்டிகளை மூடிக்கொண்டிருந்தார்கள். டோரிஸ் அடுப்படி வாசலிலேயே நின்றாள், ஏப்ரனைத் திருகிக்கொண்டு. “மன்னிச்சுக்கோங்க, பெர்னடெட். நீங்க சொன்னது ஞாபகம் இருந்துச்சு. ஆனா உங்க கையவே பார்த்துட்டு நின்னுட்டேன்.”

நான் பெட்டியிலிருந்து இறங்கி அவளிடம் போனேன். ஒரு விரலை உயர்த்தினேன் என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

“நாளைக்கு,” என்றேன்.

அவள் காத்திருந்தாள். அப்பா நாற்காலிகளை மடக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ரோமக் கோட்டு போட்டவர்கள் யாரும் நடுவே வரவில்லை. நான் வாக்கியத்தை முடித்தேன்.